தூரத்து நண்பர்களோடு கதை ஆட எந்த மேசை சரிவரும்?

நாங்கள் ஐந்து பேர், பாளையங்கோட்டையில் ஒன்றாகப் படித்தவர்கள். இப்போது நான் மட்டும் பாளையில் இருக்கிறேன். ஒருத்தன் துபாயில், ஒருத்தி சிங்கப்பூரில், ஒருத்தன் நியூஜெர்சியில். இன்னொருத்தன் விக்கிரமசிங்கபுரத்தில் அப்பாவின் கடையைப் பார்த்துக்கொள்கிறான். ஊர்க் கணக்கில் அவன்தான் எனக்குப் பக்கம். இணையக் கணக்கில் அவன்தான் எல்லாரையும்விடத் தூரம். இந்தக் கட்டுரையில் வரும் முடிவுகளில் பாதிக்கு அவன் வீட்டில் கிடைக்கும் டவர்தான் காரணம்.

படிக்கிற காலத்தில் சனிக்கிழமை இரவுகளில் வண்ணார்பேட்டையில் ஒரு மாடி அறையில் பாய் விரித்து 'டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸ்' ஆடுவோம். தெரியாதவர்களுக்குச் சுருக்கமாகச் சொல்கிறேன். ஒருவர் உலகத்தைச் சொல்வார், மற்றவர்கள் ஆளுக்கொரு பாத்திரமாக அதற்குள் நடப்பார்கள். 'நான் மதில் ஏறிக் குதிக்கிறேன்' என்று ஒருத்தி சொன்னால், குதித்தாளா விழுந்தாளா என்பதை டைஸ் சொல்லும். கேரி கைகாக்ஸும் டேவ் ஆர்னிசனும் உருவாக்கி 1974இல் வெளிவந்த ஆட்டம் அது. அதைப் பார்த்து அதற்குப் பிறகு எத்தனையோ ஆட்டங்கள் வந்துவிட்டன. கதையை நடத்துபவரை டிஎம் என்போம். எங்கள் குழுவில் அது நான்.

வேலை, கல்யாணம் என்று ஆளுக்கொரு திசை போனதும் ஆட்டம் நின்றது. மறுபடி தொடங்கலாம் என்று பேச்சு வந்தபோது, எதில் ஆடுவது என்பதிலேயே பல வாரம் போனது. எல்லா வசதியும் உள்ள இணைய மேசை, படம் மட்டும் காட்டும் எளிய பலகை, வெறும் குரல், எழுத்தும் வாய்ஸ் நோட்டும் என்று நாலு வழியையும் மாறி மாறி ஆடிப் பார்த்தோம். இதே கேள்வியோடு நிற்கும் இன்னொரு குழுவுக்கு அந்தக் காலமாவது மிச்சமாகட்டும் என்றுதான் எழுதுகிறேன்.

கருவியைத் தேர்வதற்கு முன்னால் நேரத்தைத் தேருங்கள். எங்களுக்குச் சரிவந்த ஒரே பொழுது ஞாயிறு மாலை ஐந்தரை. அப்போது துபாயில் மணி நாலு, சிங்கப்பூரில் எட்டு, நியூஜெர்சியில் காலை எட்டு. அமெரிக்காவில் மார்ச் இரண்டாவது ஞாயிறு கடிகாரத்தை ஒரு மணி நேரம் முன்னே தள்ளி, நவம்பர் முதல் ஞாயிறு பின்னே இழுப்பார்கள். ஆகவே பனிக்காலத்தில் அவனுக்கு அது காலை ஏழு. அமீரகத்தில் 2022 ஜனவரிக்கு முன்பு வெள்ளியும் சனியும்தான் வார விடுமுறை, ஞாயிறு வேலை நாள். அந்த ஏற்பாடு மாறியிருக்காவிட்டால் இந்த ஞாயிறும் எங்களுக்கு வாய்த்திருக்காது. சிங்கப்பூர்க்காரி திங்கள் காலை வேலைக்குக் கிளம்ப வேண்டும், அவளுக்குப் பத்தரை மணிக்கு மேல் கண் தாங்காது. எனவே எங்களிடம் இருப்பது வாரத்துக்கு இரண்டரை மணி நேரம், அதற்கு மேல் ஒரு நிமிடம் கிடையாது. ஒவ்வொரு வழியையும் நான் இந்தக் கணக்கை வைத்துத்தான் எடைபோட்டேன்.

முதலில் போனது முழு வசதி மேசைகளுக்கு. இதில் பெரிய பெயர்கள் இரண்டு, ரோல்20ம் ஃபவுண்ட்ரியும். ரோல்20 2012இல் வந்தது. உலாவியில் திறந்தால் போதும், எதையும் நிறுவ வேண்டாம். கட்டம் போட்ட வரைபடம், அதில் பாத்திரங்களுக்குப் பதிலாக நகர்த்தும் டோக்கன்கள், பாத்திரத்தின் விவரத்தாள், டைஸ் எல்லாம் ஒரே இடத்தில் இருக்கும். இலவசமாகவே ஆடலாம். பாத்திரத்தின் கையிலுள்ள விளக்கு எவ்வளவு தூரம் வெளிச்சம் தருமோ அவ்வளவுதான் திரையில் தெரியும் என்கிற மாதிரியான வசதிகளுக்கு மட்டும் சந்தா கட்ட வேண்டும்.

ஃபவுண்ட்ரி 2020இல் வந்தது. ஒரே தடவை 50 டாலர் கொடுத்து வாங்க வேண்டும், அதையும் டிஎம் மட்டும் வாங்கினால் போதும். ஆடுபவர்கள் காசில்லாமல் உலாவி வழியே வந்துவிடலாம். அழகும் வேகமும் நுணுக்கமும் என்று பார்த்தால் எனக்குப் பிடித்தது இதுதான். கதவைத் திறந்தால் கிறீச்சிடும், காட்டுக்குள் போனால் மழைச் சத்தம் கேட்கும்.

ஆனால் ஃபவுண்ட்ரி ஓடுவது டிஎம்மின் கணினியில். நண்பர்கள் வெளியிலிருந்து அந்தக் கணினிக்குள் வர வேண்டும். அங்கேதான் நம் ஊர்ப் பக்கத்தில் சிக்கல். இங்கே பல வீட்டு இணைப்புகளுக்கும் கிட்டத்தட்ட எல்லா மொபைல் இணைப்புகளுக்கும் தனி முகவரி கிடையாது. ஒரே இணைய முகவரியைப் பல வீடுகளுக்குப் பங்கு போட்டுக் கொடுத்திருப்பார்கள். ஒரு காம்பவுண்டில் இருபது வீடுகளுக்கும் ஒரே கதவு எண் என்றால் தபால்காரர் யார் வீட்டைத் தட்டுவார்? அதே கதைதான். வெளியிலிருந்து வருகிறவர்களை நம் கணினிக்குத் திருப்பிவிட ரவுட்டரில் 'போர்ட் ஃபார்வர்டிங்' செய்யுங்கள் என்று எல்லா வழிகாட்டியிலும் இருக்கும். செய்தேன், ஒருவராலும் உள்ளே வர முடியவில்லை. இதற்கு மூன்று மாற்று உண்டு. கூடுதல் காசு கொடுத்து இணைப்பு நிறுவனத்திடம் தனி முகவரி கேட்கலாம். சுரங்க வழி போட்டுத் தரும் மென்பொருளை நிறுவலாம். வெளியே ஒரு சர்வரை வாடகைக்கு எடுத்து ஃபவுண்ட்ரியை அதில் ஏற்றலாம். மூன்றும் வேலை செய்யும். மாதாமாதம் அதைப் பார்த்துக்கொள்கிற மனமும் நேரமும் உங்களுக்கு உண்டா என்பதுதான் கேள்வி.

இன்னொன்று மின்சாரம். என் வீட்டில் கரண்ட் போனால், என் கணினியில் ஓடுகிற ஃபவுண்ட்ரியில் ஐந்து பேருக்கும் மேசையே மறைந்துவிடும். ரோல்20இல் நான் மட்டும்தான் காணாமல் போவேன், மேசை அப்படியே இருக்கும். நான் போனில் திரும்பி வரும் வரை அவர்கள் தங்களுக்குள் பேசிக்கொண்டிருக்கலாம். ஐப்பசி, கார்த்திகையில் எத்தனை ஞாயிறு மழையோடு போகும் என்பது நமக்குத் தெரியும். அந்த இரண்டு மாதத்துக்காகவே நான் ரோல்20ஐ ஒரு படி மேலே வைப்பேன்.

சரி, ரோல்20ஐயே வைத்துக்கொண்டோமா என்றால், அதுவும் இல்லை. ஒரு கோட்டையை வரைந்து, கட்டத்தைச் சரிபார்த்து, காவலாட்களை நிறுத்தி, சுவர்களுக்கு வெளிச்சம் போட்டு முடிக்க எனக்கு மூன்று மணி நேரம் ஆனது. ஆட்டமே இரண்டரை மணி நேரம்தான். அவ்வளவு பாடுபட்டு வரைந்த கோட்டைக்குள் அவர்கள் போகவே இல்லை. ஆற்றோரமாக நடந்து வேறு ஊருக்குப் போய்விட்டார்கள். மாடியில் பாய் விரித்து ஆடியிருந்தால் சந்தோஷமாக அவர்கள் பின்னால் போயிருப்பேன். திரையில் வரைந்து வைத்திருந்ததால் எப்படியாவது கோட்டைக்குத் திருப்பிக் கூட்டி வரத்தான் என் மனம் போனது. கருவி என் கதையை இப்படி இழுத்ததுதான் எனக்குப் பிடிக்கவில்லை.

விக்கிரமசிங்கபுரத்து நண்பனுக்குக் கணினியும் இல்லை. கடையில் உட்கார்ந்தபடி போனில்தான் ஆடுவான். கை அகலத் திரையில் விரல் நுனி அளவு டோக்கனை நகர்த்துவது ஆட்டமாக இல்லை, வேலையாக இருந்தது. மூன்றாவது வாரம் அவன், "எனக்குப் பதிலா நீயே நகத்திருல, நான் சொல்லுதேன்" என்றான். அவனுக்குத் தேவை இருந்தது சொல்வதற்கு ஒரு இடம் மட்டும்தான் என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது.

அதற்குப் பிறகு எளிய பலகைக்கு வந்தோம். ஆவுல்பேர் ரோடியோ என்று ஒன்று உண்டு. ஒரு படத்தை ஏற்றலாம், மேலே டோக்கன் வைக்கலாம், தெரியக் கூடாத பகுதியை மூடி வைக்கலாம், தூரம் அளக்கலாம். ஆட்ட விதி எதுவும் அதற்குத் தெரியாது. டிஎம் மட்டும் கணக்கு வைத்திருந்தால் போதும், மற்றவர்கள் அனுப்பிய சுட்டியைத் தட்டினால் வந்துவிடுவார்கள். கோட்டைக்கு மூன்று மணி நேரம் ஆன எனக்கு இதில் பத்து நிமிடம் போதும். காகிதத்தில் பேனாவால் கிறுக்கியதைப் போட்டோ எடுத்து ஏற்றிவிடுவேன். சண்டை வந்தால் திறப்போம், முடிந்ததும் மூடிவிடுவோம். முழு மேசைக்கும் வெறும் குரலுக்கும் நடுவில் நிற்கிற குழுவுக்கு இதைத் தயங்காமல் சொல்வேன்.

குரல் மட்டும் வைத்து ஆடுவதைப் பற்றித்தான் எனக்கு நிறையச் சொல்ல இருக்கிறது.

எங்கள் கதை நடக்கிற இடம் பொருநை, அதாவது தாமிரபரணி. பழைய காலம், கொற்கையிலிருந்து முத்து மூட்டையோடு ஒரு வணிகக் கூட்டம் ஆற்றை எதிர்த்து மேற்கே பொதிகைக்குப் போகிறது. நான் கற்பனை செய்த மாயங்களும் பேய்களும் அதில் உண்டு, ஆனால் ஆறு நிஜ ஆறுதான். 'சிற்றாறு வந்து கலக்கிற சீவலப்பேரியில் இருட்டிவிட்டது' என்று நான் சொன்னால், துபாயில் இருப்பவனுக்கும் நியூஜெர்சியில் இருப்பவனுக்கும் படம் வேண்டாம். எந்தப் பக்கம் மேடு, எங்கே மரம், எங்கே இறங்கினால் மணல் என்பது அவர்கள் காலுக்கே தெரியும். முன்பு யாரோ எழுதிய ஒரு மேலைநாட்டு நிலவறைக்குள் அவர்களைக் கூட்டிப் போனபோது, நிமிடத்துக்கு ஒருமுறை 'கதவு எந்தப் பக்கம், தூண் எத்தனை' என்று கேட்டுக்கொண்டே இருந்தார்கள். அங்கே வரைபடம் இல்லாமல் முடியாது. ஆகவே படம் வேண்டுமா வேண்டாமா என்பது கருவியை மட்டும் பொறுத்த கேள்வி இல்லை, கதை எந்த மண்ணில் நடக்கிறது என்பதையும் பொறுத்தது. சொந்த மண்ணில் கதையை வைத்த அன்றைக்கு எங்களுக்குப் பாதி மென்பொருள் தேவைப்படாமல் போனது.

குரலுக்கு இணையம் கொஞ்சம் போதும். நொடிக்கு 64 கிலோபிட் என்கிற தரத்தில் ஒரு குரல் தொடர்ந்து வந்தால் மணிக்குச் சுமார் 29 எம்பி ஆகும். இரண்டரை மணி நேரத்துக்கு 72 எம்பி. ஒன்றிரண்டு பேர் சேர்ந்து பேசினாலும் ஒரு நாள் டேட்டாவில் ஓரமாக முடிந்துவிடும். வீடியோ போட்டால் அதைப்போலப் பத்து மடங்குக்கு மேல் இழுக்கும். ஆனால் தொந்தரவு அளவில் இல்லை. குரல் சிறிய ஓடை மாதிரி விடாமல் வந்துகொண்டிருக்க வேண்டும். வரைபடம் மதகு திறந்த மாதிரி ஒரேயடியாக வரும். டவர் மெலிந்த இடத்தில் இருப்பவன் போனில் ஐந்து எம்பி படம் திறக்கிற அந்த நேரத்தில்தான் குரல் உடையும். இது புரிந்த பிறகு படங்கள் எல்லாவற்றையும் சனிக்கிழமையே குழுவில் அனுப்பிவிடுகிறேன்.

எந்தச் சேவையில் பேசுவது? இதை அமீரகத்தில் இருப்பவரிடம் விட்டுவிடுங்கள். உரிமம் பெறாத இணையக் குரல் சேவைகளுக்கு அங்கே தடை உண்டு. வாட்ஸ்அப்பில் எழுதலாம், வாய்ஸ் நோட் அனுப்பலாம், அழைக்க முடியாது. கூகுள் மீட்டும் சூமும் இயங்கும். இலவசக் கணக்கில் சூம் 40 நிமிடத்தில் முடிந்துவிடும், மீட் மூன்று பேரோ அதற்கு மேலோ என்றால் 60 நிமிடம் வரை போகும். குழுவாகப் பேசவும் எழுதவும் உதவும் டிஸ்கார்டில் நேரக் கட்டுப்பாடு கிடையாது, டைஸ் உருட்டித் தரும் 'பாட்' என்கிற சிறு நிரல்கள் உண்டு, பழைய பேச்சுகளைத் தலைப்பு வாரியாக வைத்துக்கொள்ளலாம். அமீரகத்தைப் போலத் தடை உள்ள ஊரில் யாரும் இல்லாத குழு என்றால் யோசிக்காமல் டிஸ்கார்டுக்குப் போகலாம். நாங்கள் மீட்டில் ஆடுகிறோம். அறுபது நிமிடத்தில் அழைப்பு முடிந்ததும் எல்லாரும் டீ குடித்துவிட்டுப் புதுச் சுட்டியில் வருவோம். அந்த இடைவேளைக்குத் தகுந்த மாதிரி கதையை நிறுத்தப் பழகியதில் என் கதைசொல்லலே மேம்பட்டிருக்கிறது.

குரலில் மட்டும் ஆடும்போது பெரிய ஆபத்து மியூட் பொத்தான். நல்லெண்ணத்தில்தான் எல்லாரும் போடுவார்கள். வீட்டில் குக்கர் சத்தம், தெருவில் ஹாரன், கோயில் கொடை நடந்தால் ஒலிபெருக்கி. ஆனால் நாலு பேரும் மியூட்டில் இருக்கும்போது கதை சொல்வது கிணற்றுக்குள் பேசுவது மாதிரி இருக்கும். நம் பக்கத்தில் வில்லுப்பாட்டு கேட்டு வளர்ந்தவர்களுக்கு இது சட்டென்று புரியும். முன்னே பாடுபவர் ஒரு வரி சொன்னதும் பின்பாட்டுக்காரர் 'ஆமா' போடுவார். அந்த 'ஆமா' இல்லாவிட்டால் சுடலைமாடன் கதை ஒரு அடி நகராது. கேட்கிறார்கள், பயப்படுகிறார்கள், சிரிக்கப் போகிறார்கள் என்பது பாடுகிறவருக்குத் தெரிவது அதில்தான். அதனால் எங்கள் குழுவில் ஒரு விதி வைத்தோம். அமைதியான அறையில் இருப்பவர்கள் மைக்கைத் திறந்தே வைக்க வேண்டும், 'ம்' கொட்ட வேண்டும். இரைச்சலில் இருப்பவர் மட்டும் மியூட் போடலாம். சத்தம் நீக்கும் வசதியையும் கொஞ்சம் குறைத்துப் பாருங்கள். அது டைஸ் உருளும் சத்தத்தையும், அடக்கமாகச் சிரிக்கிற சிரிப்பையும் சேர்த்து நீக்கிவிடும்.

ஒரே நேரத்தில் இரண்டு பேர் பேசி இரண்டு பேரும் நிறுத்திக்கொள்வது இன்னொரு தொல்லை. மேசையில் என்றால் ஒருத்தி பேச வாயெடுப்பது கண்ணில் தெரியும். இங்கே தெரியாது. ஆகவே டிஎம் பெயர் சொல்லிக் கூப்பிட வேண்டும். 'இப்போது நீ என்ன செய்கிறாய்?' என்று வரிசையாக, யாரும் விடுபடாமல் கேட்க வேண்டும். கூச்ச சுபாவம் உள்ளவர்கள் இதில் நேர் மேசையைவிடக் கூடுதலாகவே பேசுகிறார்கள். எங்கள் சிங்கப்பூர்க்காரி கல்லூரி நாட்களில் ஓரமாக உட்கார்ந்திருப்பாள். இப்போது கூட்டத்தின் பேரம் முழுக்க அவள் கையில்.

முகம் தெரியாததால் இன்னொரு கவனமும் தேவை. நம் ஊர்க் கதைகளில் சாதி, பலி, பெண்ணுக்கு நேர்ந்த கொடுமை எல்லாம் உண்டு. இசக்கியின் கதைகளைச் சொல்லப் போனால் அதெல்லாம் வராமல் இருக்காது. ஒருவர் முகம் வாடுவதைக் குரலில் கண்டுபிடிக்க முடியாது. முதல் நாளே உட்கார்ந்து எதெல்லாம் வேண்டாம் என்று பேசிக்கொண்டோம். நடுவில் யாராவது 'போதும்' என்று ஒரு சொல் சொன்னால், காரணம் கேட்காமல் அந்தக் காட்சியை அங்கேயே விட்டுவிடுவோம். எந்த வழியில் ஆடினாலும் இதை விடாதீர்கள்.

டைஸை யார் உருட்டுவது என்பதில் குழுக்கள் சண்டை போடுவதைப் பார்த்திருக்கிறேன். பாட் உருட்டினால் எல்லாருக்கும் தெரியும், சந்தேகமே வராது. அவரவர் வீட்டில் உருட்டினால் சொல்லை நம்ப வேண்டும். அறிமுகமில்லாதவர்களோடு ஆடினால் பாட்தான் சரி. நண்பர்களோடு என்றால் கையால் உருட்டுவதுதான் ஆட்டம் என்பேன். இருபது முக டைஸில் எந்த முகமும் விழ 5 சதவீத வாய்ப்புதான். அந்த ஒன்று விழுந்ததை நண்பனே வாய்விட்டு, தன் பாத்திரம் சாகப் போகிறது என்று தெரிந்தும், "ஒண்ணுல" என்று சொல்வதைக் கேட்பதற்கு ஈடு இல்லை. விக்கிரமசிங்கபுரத்தில் அவனுக்கு டைஸ் செட் வந்து சேர நாளானது. அதுவரை நாலு முக டைஸுக்குப் பதிலாக ஆச்சியின் பித்தளைத் தாயக்கட்டையில் ஒன்றை உருட்டினான். வெறும் முகம் விழுந்தால் நாலு என்று கணக்கு. அந்தக் கட்டை தரையில் விழும் சத்தம் எங்கள் எல்லாருக்கும் பிடித்துப்போய், செட் வந்த பிறகும் அவன் அதைத்தான் உருட்டுகிறான்.

ஆட்ட விதியும் வழியோடு சேர்ந்தே முடிவாக வேண்டியது. டன்ஜன்ஸ் அண்ட் டிராகன்ஸின் ஐந்தாம் பதிப்பு 2014இல் வந்தது, 2024இல் திருத்தி வெளியிட்டார்கள். அடிப்படை விதிகள் 2023இலிருந்து கிரியேட்டிவ் காமன்ஸ் உரிமத்தில் கிடைப்பதால், தொடங்கக் காசு வேண்டாம். ஆனால் அதன் சண்டை கட்டத்தையும் தூரத்தையும் நம்பியது. குரலில் அந்தச் சண்டை ஒன்று எங்களுக்கு முழு ஞாயிறையும் தின்றுவிட்டது. அதில் ஆட விரும்பினால் எளிய பலகையாவது வைத்துக்கொள்ளுங்கள்.

குரலுக்கு ஏற்றது 2010இல் வந்த 'அபோகலிப்ஸ் வேர்ல்ட்' வழி வந்த ஆட்டங்கள். சாதாரண ஆறு முக டைஸ் இரண்டு போதும், எந்தக் கடையிலும் கிடைக்கும். கூட்டுத்தொகை பத்தோ அதற்கு மேலோ என்றால் நினைத்தது நடக்கும். ஏழிலிருந்து ஒன்பது என்றால் நடக்கும், ஆனால் ஏதாவது ஒரு விலை உண்டு. ஆறும் அதற்குக் கீழும் என்றால் டிஎம் கை ஓங்கும். கூடுதல் எண் எதுவும் இல்லாமல் உருட்டினால் முழு வெற்றி 17 சதவீதம், விலையோடு வெற்றி 42, தோல்வி 42. பாத்திரத்துக்கு அந்தச் செயலில் ஒன்று கூடுதலாக இருந்தால் அது 28, 44, 28 என்று மாறும். அந்த நடுப் பங்குதான் குரல் ஆட்டத்தை ஓட வைக்கிறது. ஒவ்வொரு உருட்டலும் கதையில் ஒரு புதுத் திருப்பத்தைக் கொண்டு வந்துவிடுகிறது, யாரும் கட்டம் எண்ண வேண்டியதில்லை. டிஎம்மாக இருக்க யாருக்குமே நேரமில்லை என்றால் 'அயர்ன்ஸ்வோர்ன்' பாருங்கள். அது இலவசம், டிஎம் இல்லாமல் இரண்டு மூன்று பேர் சேர்ந்தும், ஒருவர் தனியாகவும் ஆடலாம்.

நாலாவது வழி எழுத்து. ஒரு குழுவைத் திறந்து, அவரவருக்கு நேரம் கிடைக்கும்போது தன் பாத்திரம் என்ன செய்கிறது என்று எழுதுவது. ஒரு சண்டைக்கு இரண்டு வாரம்கூட ஆகலாம். நேரக் கணக்கு பொருந்தாத குழுவுக்கு இதைவிட நல்ல வழி இல்லை. எங்கள் நியூஜெர்சி நண்பனுக்குக் குழந்தை பிறந்த பிறகு ஞாயிறு காலை அவன் கையில் இல்லை. அவனை விட்டுவிட்டு ஆட எங்களுக்கு மனமும் இல்லை. அவன் பாத்திரத்தைக் கூட்டத்திலிருந்து பிரித்து, முன்னே போய் வழி பார்த்து வரும் ஆளாக ஆக்கினோம். வாரத்தின் நடுவில் அவன் எழுதுவான், நான் பதில் எழுதுவேன். ஞாயிற்றுக்கிழமை அவன் கண்டு வந்த சேதியில்தான் மற்றவர்களின் ஆட்டம் தொடங்கும்.

எழுத்தில் ஒரு குறை எங்களுக்கு இருந்தது. அவன் தமிழில் தட்டச்ச மாட்டான், ஆங்கில எழுத்தில் தமிழை எழுதுவான். படிக்கிறபோது கதையின் வாசனையே போய்விடும். அப்புறம் வாய்ஸ் நோட்டுக்கு மாறினோம். மூன்று நிமிடம், குழந்தையைத் தோளில் போட்டுக்கொண்டு மெதுவான குரலில், காட்டுக்குள் பதுங்கிப் போகிறவன் பேசுகிற மாதிரியே பேசி அனுப்புகிறான். குழந்தை எழுந்துவிடக் கூடாதே என்கிற அந்தக் கிசுகிசுப்புக்கு எந்த மென்பொருளின் மழைச் சத்தமும் ஈடாகாது. அப்பா அம்மாவோடும் சொந்தக்காரர்களோடும் நாம் ஏற்கெனவே இப்படித்தான் பேசிக்கொண்டிருக்கிறோம். அதனால் இதை யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை.

எழுத்துக்கும் வாய்ஸ் நோட்டுக்கும் இன்னொரு பலம் உண்டு, அவை காத்திருக்கும். 2023 டிசம்பர் 17, 18 தேதிகளில் பெய்த மழையில் நெல்லையும் தூத்துக்குடியும் மூழ்கின. காயல்பட்டினத்தில் ஒரே நாளில் சுமார் 95 சென்டிமீட்டர் பெய்தது. எங்கள் பகுதியில் கரண்டும் இல்லை, டவரும் இல்லை. அந்த ஞாயிறு ஆட்டம் நடக்கவில்லை, அடுத்த வாரமும் நடக்கவில்லை. டவர் திரும்பி வந்து குழுவைத் திறந்தபோது முதலில் 'எல்லாரும் பத்திரமா' என்று மூன்று ஊர்களிலிருந்து வந்த கேள்விகள் வரிசையாக இருந்தன. அதற்கு மேலே, மழைக்கு முந்தைய நாள் நியூஜெர்சிக்காரன் விட்டுப்போன காட்சி அப்படியே இருந்தது. அவன் பாத்திரம் ஆற்றங்கரையில் நின்று நீர் ஏறுவதைப் பார்த்துக்கொண்டிருந்தது. அந்தக் காட்சியை நாங்கள் தொடரவில்லை, வெள்ளத்தை எடுத்துவிட்டு வேறு வழியில் கதையைக் கொண்டுபோனோம்.

இனி உங்கள் குழுவுக்கு வருகிறேன். எல்லாரிடமும் கணினி, நல்ல ஃபைபர், சண்டையில் கட்டம் எண்ணும் ஆசை, வாரத்தில் நாலு மணி நேரம் தயாரிப்பில் மூழ்க விரும்பும் டிஎம் என்று இருந்தால் ஃபவுண்ட்ரி வாங்குங்கள், வெளி சர்வரிலேயே ஏற்றுங்கள். அந்த 50 டாலர் வீண்போகாது. கணினி உண்டு, ஆனால் டிஎம்முக்கு இணைய வேலைகள் பிடிக்காது என்றால் ரோல்20. ஒருவராவது போனில் ஆடுகிறார் என்றால் இரண்டையும் விட்டுவிட்டு எளிய பலகைக்கோ குரலுக்கோ வாருங்கள். சிறுகுழந்தையோ இரவுப் பணியோ உள்ளவர் இருந்தால் அவருக்காக வாய்ஸ் நோட் பாதை ஒன்றைத் திறந்து வையுங்கள். ஞாயிறு மாலை குரல், சண்டைக்கு மட்டும் பலகை, வார நடுவில் வாய்ஸ் நோட் என்று மூன்றையும் கலந்து நாங்கள் இரண்டு வருடமாக ஆடுகிறோம்.

முதல் செலவு எதற்கு என்று கேட்டால், மைக் உள்ள கம்பி ஹெட்போன் என்பேன், அதுவும் டவர் மெலிந்த நண்பருக்கு முதலில். போன் ஸ்பீக்கரில் நாலு குரல் கேட்டு, அதே போனில் பேசுகிறவருக்கு அரை மணியில் தலைவலி வந்துவிடும். நாங்கள் நாலு பேர் சேர்ந்து விக்கிரமசிங்கபுரத்துக்கு ஒன்று வாங்கி அனுப்பினோம்.

எங்கள் கதையின் வணிகக் கூட்டம் இப்போது பாபநாசத்தைத் தாண்டிக் காரையாறு பக்கம் வந்துவிட்டது. நவம்பர் முதல் ஞாயிறு நியூஜெர்சியில் கடிகாரம் மாறுகிறது. குழந்தை கொஞ்சம் வளர்ந்துவிட்டதால் அன்றைக்கு அவனும் குரலில் வருவதாகச் சொல்லியிருக்கிறான். அவனுக்கு எத்தனை மணி என்று இப்போதே குழுவில் எழுதி மேலே குத்தி வைத்திருக்கிறேன்: காலை ஏழு.